வயிறு பெருத்த சிமெண்ட் தொட்டியில மாட்டிக்கிட்ட 7 அடி ரப்பர் செடி, வெளிய எடுக்க வழி சொல்லுங்க

பெரம்பூர்_மாடிவாசி | ஜூன் 8

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குத்தான் முதல் தடவையா கேள்வி கேக்கறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க ஹால்ல ஒரு ரப்பர் செடி இருக்கு. 2016ல ரோட்டோர நர்சரில 120 ரூபாய்க்கு வாங்கினது, அப்போ கருப்பு கவர்ல முழங்கால் உயரம் கூட இல்ல. இப்போ 7 அடி. தொட்டியையும் சேர்த்தா சீலிங்க தொட ஒரு முழம்தான் பாக்கி. அடித்தண்டு என் மணிக்கட்டு பருமன் இருக்கும். வர்றவங்க எல்லாம் "இது நிஜ செடியா"னு இலைய கிள்ளி பார்த்துட்டுத்தான் உக்காருவாங்க, அந்த கதை வேற.

பிரச்சினை தொட்டி. மாமியார் கும்பகோணத்து வீட்ட காலி பண்ணிட்டு எங்ககூட வந்தப்போ லாரில ஏத்திட்டு வந்த ஜோடி சிமெண்ட் தொட்டியில ஒன்னு. இன்னொன்னு வர்ற வழியிலயே விரிசல் விட்டுடுச்சு, அதனால மிச்சம் இருக்கற இது மேல அவங்களுக்கு தனி பாசம், பொங்கலுக்கு பொங்கல் வெள்ளை அடிச்சு செங்காவி பார்டர் போடுவாங்க. தொட்டி குடம் மாதிரி, வயிறு 14 இன்ச், வாய் 10 இன்ச். செடி வைக்கும்போது யாரும் இத யோசிக்கல. இப்போ வேர் உள்ள வயிறு முழுக்க ரொம்பிடுச்சு, வாய் வழியா வர வாய்ப்பே இல்ல.

ஏன் இப்போ மாத்தணும்னு கேட்டீங்கன்னா, 3 மாசமா கீழ் இலை ஒன்னொன்னா மஞ்சளாகி விழுது. புது இலை வந்தாலும் பழசுல பாதி சைஸ்தான். ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா மேல குளம் மாதிரி நிக்குது, அப்புறம் ஓரமா எங்கயோ ஒரு சந்து வழியா சர்ருனு இறங்கி தட்டுல வந்துடுது, ஆனா தண்டுகிட்ட நடுவுல விரல விட்டு பார்த்தா காஞ்சு புழுதியா கிடக்கு. அடி ஓட்டையில வந்த வேர் தட்டோட ஒட்டிக்கிட்டு, தட்டையும் தாண்டி டைல்ஸ் இடுக்குல நுழைய பார்க்குது. போன வாரம் தொட்டிய நகத்தும்போது பட்டுனு சத்தம் கேட்டுச்சு, எனக்கு உயிரே போச்சு, பார்த்தா தட்டுதான் ரெண்டா போச்சு.

வீட்டுக்காரர் சொல்ற ஒரே வழி சுத்தியல். மாமியார் ஒன்னும் சொல்லல, ஆனா அவர் சுத்தியல்னு சொன்ன அன்னிக்கு ராத்திரி அவங்க சாப்பிடல. தோட்டக்காரர் ஒருத்தர கூப்பிட்டு காமிச்சேன், ரெண்டு சுத்து சுத்தி பார்த்துட்டு "2500 ஆகும்க்கா, ஆனா கேரண்டி இல்ல"ன்னார்.

என் கேள்வி: தொட்டிய உடைக்காம எடுக்க முடியுமா? அடுத்தது எத்தன இன்ச் தொட்டி வாங்கணும்? மண் என்ன கலவை? இப்போ ஜூன்ல பண்ணலாமா, இல்ல மழைக்கு அப்புறமா? நாங்க இருக்கறது 3வது மாடி, லிஃப்ட் உண்டு.

---

சும்மா_ஒரு_ரசிகன் | ஜூன் 8

உடைச்சிடுங்க மேடம். தொட்டி 500 ரூபா, செடி 8 வருஷம். வாங்கறதுதான் வாங்கறீங்க 24 இன்ச்சா பெருசா வாங்கிடுங்க, இன்னும் பத்து வருஷத்துக்கு திரும்பி பார்க்க வேண்டாம். எங்க வீட்டுல எல்லா செடிக்கும் அப்படித்தான்.

---

பீளமேடு_தோட்டம் | ஜூன் 9

ரசிகன் தம்பி, கோவிச்சுக்காதீங்க, 24 இன்ச் வேண்டாமுங்க. நானும் ஒரு காலத்துல அப்படி நினைச்சுத்தான் ரெண்டு அரேகா பாம் அழுகி போச்சு. சின்ன வேர்ப்பந்த பெரிய தொட்டியில வச்சா, வேர் போயி சேராத மண்ணுல ஊத்தற தண்ணிய உறிய ஆள் இல்ல. வாரக்கணக்குல ஈரமாவே கிடந்து புளிச்சு போகும், அந்த புளிச்ச மண்ணுக்குள்ளதான் புது வேர் நுழையணும். வெயில்ல கிடக்கற செடின்னா கூட சமாளிச்சுக்கும், ஹாலுக்குள்ள முடியாது. அடுத்தது எடை. 24 இன்ச் தொட்டி 100 லிட்டருக்கு மேல மண்ணு பிடிக்கும், ஈர மண்ணோட 150 கிலோ தாண்டிரும். அத யாரு நகத்தறது, தீபாவளிக்கு வீடு கழுவும்போது? 14 இன்ச்னா 25 லிட்டர், 40 கிலோக்குள்ள வரும், ரெண்டு பேர் தூக்கலாம்.

இப்ப மேடம் கேள்விக்கு வர்றேன். வாய் குறுகின தொட்டியில இருந்து எடுக்க எனக்கு தெரிஞ்சு மூணு வழிதானுங்க.

உடைக்கறது ஒன்னு. அதுலயும் சுத்தியல் வேலைக்கு ஆகாது, பழைய சிமெண்ட் தொட்டிக்குள்ள பல சமயம் கம்பி வலை வச்சு பூசியிருப்பாங்க, அடிச்சா துண்டா விழாம தொங்கும், அதிர்ச்சி பூரா வேருக்கு போகும். கிரைண்டர்ல எதிரெதிரா ரெண்டு கோடு அறுத்து பிளக்கறதுதான் சரி, ஆனா அந்த தூசிய வீட்டுக்குள்ள கிளப்பினா அடுத்த பொங்கல் வரைக்கும் துடைச்சுட்டே இருப்பீங்க.

ரெண்டாவது, ஹோஸ் பைப்ப வாய்ல விட்டு மண்ண கரைச்சு வெளிய எடுக்கறது. மண்ணு போனா வேர் தளர்ந்து மடங்கி வரும்னு சொல்லுவாங்க. கத்தாழ, சம்பங்கி மாதிரி செடிக்கு நல்லா வேலை செய்யும். ரப்பர் செடிக்கு 8 வருஷ வேர் கயித்துக்கட்டு மாதிரி இறுகி இருக்கும், ஒரு நாள் பூரா தண்ணி அடிச்சாலும் உங்களுக்கு முதுகு வலிதான் மிச்சம்.

மூணாவதுதான் உங்களுக்கு. வாயோட உள் ஓரத்த ஒட்டி நேரா கீழ வரைக்கும் ரம்பத்த இறக்கி சுத்தி அறுத்துடறது. கவாத்து ரம்பம் இருந்தா நல்லது, இல்லாட்டி ஹேக்ஸா பிளேடு ஒன்ன மரக்குச்சில கட்டிக்கங்க, 12 இன்ச் நீளம் இருக்கும், போதும். அறுத்து முடிச்சா 10 இன்ச் உருளையா வேர்ப்பந்து தனியா வந்துரும், வயித்துப் பக்கம் இருக்கற வேர் தொட்டியோடவே நின்னுரும், அத அப்புறம் கையால பிச்சு எடுத்துக்கலாம். தொட்டிக்கு ஒரு கீறல் விழாது.

ஆனா கணக்கு பார்த்துக்கங்க. 14 இன்ச் வட்டத்துல 10 இன்ச் வட்டம்னா பரப்பு கிட்டத்தட்ட பாதிதான். வயிறு பெருத்த எடத்துல பாதி வேர் போயிரும், அதுவும் ஓரத்துல இருக்கற குட்டி குட்டி தண்ணி உறியற வேர்தான் மொதல்ல போகும். அதனால மேலயும் மூணுல ஒரு பங்கு குறைச்சே ஆகணும், இல்லாட்டி இருக்கற வேரால அவ்வளவு இலைக்கு தண்ணி அனுப்ப முடியாது.

ரப்பர் செடி இத தாங்கும், பயப்படாதீங்க. ஆலமரத்துக்கும் அரசமரத்துக்கும் பங்காளிங்க இது. மேகாலயாவுல காசி மக்கள் ஆத்துக்கு குறுக்க உயிரோட இருக்கற வேர இழுத்து வளத்து பாலம் கட்டறாங்கள்ல, அது இதே மரத்தோட வேருதான். நம்ம ஹால் மூலையில வச்சு அழகு பாக்கறமே தவிர அதுக்கு நெனப்பு பூரா காடுதான்.

மண்ணு: ரெண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு கோகோபீட் (தேங்கா நார்த்தூள்), ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு பெர்லைட் (வெள்ளையா லேசா இருக்கற பொரிகல்லு) இல்லாட்டி கருக்கின உமி. ரெண்டு கை வேப்பம்புண்ணாக்கு. எம்-சாண்ட் போடறதா இருந்தா தூசி போக கழுவிட்டு போடுங்க, இல்லாட்டி அது சிமெண்ட் கணக்கா இறுகிரும். கோகோபீட் கட்டிய ஊற வச்சு ரெண்டு மூணு தண்ணி அலசி பிழிஞ்சுட்டுத்தான் கலக்கணும், உப்பு இருக்கும்.

நேரம்: கத்திரி முடிஞ்சுருச்சு, ஆனா சென்னையில ஜூன் இன்னும் காயுமே. ஆடில சாயங்கால மழை ரெண்டு பேஞ்ச பொறவு பண்ணுங்க. ஐப்பசி அடமழைக்குள்ள புது வேர் விட்டுருக்கணும், அது ஒன்னுதான் கணக்கு.

---

சும்மா_ஒரு_ரசிகன் | ஜூன் 9

ஓகே ஓகே, 24 வாபஸ் 😀 ஆனா அடியில ஜல்லி ஒரு 3 இன்ச் போட்டா தண்ணி தேங்காதுல்ல? அப்போ பெரிய தொட்டியும் ஓகேதானே.

---

மண்வெட்டி_மாமா | ஜூன் 9

அந்த ஜல்லி விஷயத்துல ஒரு வார்த்தை. நான் வேளாண்மைத் துறையில இருந்து ரிட்டயர்ட் ஆனவன், எங்க அப்பா காலத்துல இருந்து எல்லாரும் அடியில ஜல்லி போடுன்னு சொல்லித்தான் கேட்டிருக்கேன், நானே நூறு பேருக்கு சொல்லியும் இருக்கேன். அது தப்பு. தப்புன்னு புரிய ஒரு ஸ்பாஞ்சு போதும்.

சமையக்கட்டுல பாத்திரம் தேய்க்கற நீட்ட ஸ்பாஞ்ச தண்ணில முக்கி எடுத்து உள்ளங்கையில படுக்க வாட்டத்துல பிடிங்க. சொட்டும், கொஞ்ச நேரத்துல நின்னுடும். நின்னப்புறம் பிழியாம கொள்ளாம அப்படியே செங்குத்தா நிமித்துங்க. மறுபடி சொட்ட ஆரம்பிக்கும். ஸ்பாஞ்சு அதேதான், தண்ணியும் அதேதான், உயரம் கூடினதும் தானா இறங்குது. தொட்டி மண்ணும் அப்படித்தான். எந்த மண்ணா இருந்தாலும் அடியில ஒரு உயரத்துக்கு தண்ணி பிடிச்சுட்டுத்தான் நிக்கும், அது அந்த மண்ணோட குணம். நீ கீழ 3 இன்ச் ஜல்லி போட்டா அந்த ஈரப்பட்டை ஜல்லிக்குள்ள இறங்காது, ஜல்லிக்கு மேல 3 இன்ச் ஏறி உக்காந்துக்கும், அதாவது வேருக்கு இன்னும் கிட்டத்துல. பொடி மண்ணுல இருந்து பெரிய சந்து உள்ள ஜல்லிக்கு தண்ணி லேசுல தாண்டாது, மேல மண்ணு முழுக்க நனைஞ்சு தாங்க முடியாம போனாத்தான் இறங்கும். ஆக மண்ணுக்கான இடமும் போச்சு, வடிகாலும் கூடல, தூக்கற எடை மட்டும் கூடுச்சு.

ஓட்டைய மூட ஒரு ஓட்டாஞ்சில்லு, குழிஞ்ச பக்கம் கீழ பார்க்கற மாதிரி வச்சா போதும். இல்லேன்னா பழைய கொசுவலை ஒரு துண்டு. அது மண்ணு வெளிய போகாம இருக்கத்தான், வடிகாலுக்கு இல்ல. வடிகால் வேணும்னா மண்ணுலயே பொலபொலப்பு இருக்கணும், பீளமேடு சொன்ன உமியும் பெர்லைட்டும் அதுக்குத்தான்.

மாடிவாசி அம்மா, உங்க செடில ஒன்னு மட்டும் எனக்கு ஒதைக்குது. வேர் நெருங்கிப் போனா மொத்த மண்ணும் சீக்கிரம் காயும், அது சரி. ஆனா ஓரத்துல தண்ணி ஓடி, நடுவுல மட்டும் புழுதியா இருக்குன்னா உள்ள ஏதோ தடுக்குது. வெளிய எடுத்ததும் தண்டச் சுத்தி நல்லா பாருங்க.

---

பெரம்பூர்_மாடிவாசி | ஜூன் 10

மாமா, ஸ்பாஞ்ச் வச்சு இப்பத்தான் செஞ்சு பார்த்தேன், சொன்ன மாதிரியே சொட்டுது!! பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கறேன்னுட்டா.

பீளமேடு சார், மூணாவது வழியத்தான் எடுக்கப்போறேன். மாமியார்கிட்ட "தொட்டிய உடைக்கல, செடியத்தான் வெட்டறோம்"னு சொன்னேன், "அத முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே"ன்னு காபி போட போயிட்டாங்க. ஆனா மேல மூணுல ஒரு பங்கு வெட்டணும்ங்கறதுதான் எனக்கு வயித்த கலக்குது, எட்டு வருஷம் வளத்தது. வெட்டினத அப்படியே தூக்கிப் போடணுமா?

---

மதுரக்காரி | ஜூன் 10

அக்கா தூக்கிப் போட்றாதீங்க!!! வெட்டறதுக்கு முன்னாடியே விண்பதியம் போட்டுருங்க, ரெண்டு செடியா ஆயிரும்.

எந்த எடத்துல வெட்டப்போறீங்களோ அங்க ஒரு இலைக்கணுவுக்கு கீழ பட்டைய ஒரு இன்ச் அகலத்துக்கு சுத்தி வளையமா உரிச்சுருங்க. பால் கொட்டும், பயப்படாதீங்க, ஈரத்துணிய வச்சு ஒத்தி எடுங்க. பட்டைக்கு அடியில வழவழன்னு ஒரு பச்சைப் படலம் இருக்கும், அதையும் கத்தியோட முதுகால சுரண்டிருங்க, இல்லன்னா அது மறுபடி ஒட்டிக்கிட்டு வேரே விடாது, நான் மொத தடவை அங்கதேன் கோட்டை விட்டேன். அப்புறம் ஊற வச்சு நல்லா பிழிஞ்ச மாஸ் (நர்சரில விக்கற காஞ்ச பாசி) இல்லன்னா கோகோபீட் ரெண்டு கைப்பிடி வச்சு, பிளாஸ்டிக் கவரால மிட்டாய் கணக்கா சுத்தி மேலயும் கீழயும் இறுக்கி கட்டிருங்க. மேல இலை வழக்கம் போல சமைச்சு அனுப்பற சத்து வளையத்த தாண்டி கீழ போக முடியாம அங்கயே தேங்கும், அந்த எடத்துலதேன் வேர் விடும். ஒன்னரை ரெண்டு மாசத்துல கவருக்குள்ள வெள்ளையா வேர் தெரியும். தெரிஞ்சப்புறம் கவருக்கு கீழ அறுத்து தனியா நட்டுரலாம். ஆடி மழைக்கு காத்திருக்கப் போறீங்கள்ல, அந்த காத்திருக்கற நாள்லயே இந்த வேலையும் நடந்துரும்.

இப்ப என் சோகக்கதைய சொல்றேன், நீங்களாச்சும் பொழச்சுக்கங்க. போன வருஷம் எங்க வீட்டு ரப்பர் செடிய மாத்தறப்போ நானும் தம்பியுமா தண்டப் பிடிச்சு "ஏலேலோ"ன்னு இழுத்தோம். செடி வந்துருச்சு. வேர்ல முக்காவாசி வரல. தண்டுல இருந்து வேர் பிரியற எடத்துல பிஞ்சு தொங்குது. அப்புறம் நட்டு, கம்பு கட்டி, குளிப்பாட்டி என்னென்னமோ பண்ணி, 23 இலை விழுந்துச்சு, எண்ணினேன், அம்மா தினமும் பெருக்கி வாசல்ல கொட்டும்போது எனக்கு கேக்கற மாதிரியே எண்ணுவாங்க. உயிர் பொழச்சது, ஆனா ஒரு பக்கம் மொட்டையாத்தேன் இருக்கு இன்னைக்கும். அதனால தண்டப் பிடிச்சு இழுக்காதீங்க. தொட்டிய சாக்கு மேல படுக்கப் போட்டு, ஒருத்தர் அடி ஓட்டை வழியா கட்டையால தள்ளணும், இன்னொருத்தர் வேர்ப்பந்த ஏந்தணும், தண்டு சும்மா கூட வரணும், அம்புட்டுதேன்.

இன்னொன்னு, பால். வேர அறுத்தாலும் வரும். கண்ணுல பட்டா எரியும், சில பேருக்கு கையெல்லாம் தடிச்சு அரிக்கும், கிளவுஸ் போட்டுக்கங்க, பழைய துணி உடுத்திக்கங்க. என் நல்ல சுடிதார் ஒன்னு போச்சு. சின்னப் பிள்ளை, பூனை எதுவும் இருந்தா வேற ரூம்ல விட்டு கதவ சாத்திருங்க.

---

மண்வெட்டி_மாமா | ஜூன் 11

மதுரைப் பொண்ணு சொன்ன பதியம் நூத்துக்கு நூறு சரி. அந்தப் பால்லதான் ஒரு காலத்துல அஸ்ஸாம்ல ரப்பரே எடுத்தாங்க, பிரேசில் மரம் வந்ததுக்கு அப்புறம் இத யாரும் சீண்டல, அழகுச் செடியா ஆயிடுச்சு. கன்னியாகுமரி தோட்டத்துல பார்க்கற ரப்பர் மரம் வேற குடும்பம்.

நட்டதும் உரம் போடற ஆசைய ஒரு மாசத்துக்கு மேல அடக்கிக்கணும். புதுசா அறுபட்ட வேர் புண்ணு மாதிரி, அதுமேல யூரியா டிஏபி எல்லாம் போட்டா பொசுக்கிடும். வாழைப்பழத் தோலும் வேண்டாம், அரிசி கழுவின தண்ணியும் வேண்டாம், எறும்புதான் வரும்.

---

பெரம்பூர்_மாடிவாசி | ஜூன் 30

சின்ன அப்டேட். பதியம் போட்டாச்சு, உச்சியில இருந்து ரெண்டரை அடி கீழ. ஸ்டூல் மேல ஏறி நான் பட்டைய உரிக்க, மாமியார் கீழ நின்னு டார்ச் அடிக்க, ஏதோ ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருந்துச்சு. ஹால் நடுவுல வெள்ளைக் கட்டு போட்ட மாதிரி செடி நிக்குது, வர்றவங்க எல்லாம் "அடி பட்டுடுச்சா"ன்னு கேக்கறாங்க.

14 இன்ச் யூவி பிளாஸ்டிக் தொட்டி வாங்கிட்டேன், நேரா சரிவா இருக்கறது, வாய் அகலம், வயிறு கியிறு எதுவும் இல்லாதது. அடியில ஒரே ஒரு ஓட்டைதான் இருந்துச்சு, இரும்புக் கம்பிய சூடு பண்ணி இன்னும் 5 போட்டேன்.

---

பீளமேடு_தோட்டம் | ஜூலை 1

ஓட்டைய ஓரத்துலயும் ரெண்டு போடுங்க, தட்டுல உக்காந்தா நடு ஓட்டை அடைச்சுக்கும். மாத்தறதுக்கு மொத நாள் நல்லா தண்ணி விட்டு வச்சிருங்க, காஞ்ச வேர் ஒடியும், நனைஞ்ச வேர் வளையும்.

---

பெரம்பூர்_மாடிவாசி | ஆகஸ்ட் 16

நேத்து லீவு நாள், வீட்டுல எல்லாரும் இருந்தாங்க, முடிச்சிட்டோம்!!! கை ரெண்டும் தூக்க முடியல, அதனால தப்பும் தவறுமா டைப் பண்றேன்.

முதல்ல பதியம். கவருக்குள்ள போன வாரமே வெள்ளை வேர் எட்டிப் பார்த்துச்சு, நேத்து அறுத்து 8 இன்ச் தொட்டியில தனியா வச்சாச்சு. அறுக்கும்போது பால் சொட்டு சொட்டா இல்ல, நூல் மாதிரி ஒழுகுது, டைல்ஸ் எல்லாம் கறை.

அப்புறம் பெரியவர். பழைய பெட்ஷீட் விரிச்சு, அது மேல சாக்கு போட்டு, இலைய எல்லாம் சேலையால தளர்வா சுத்திக் கட்டி படுக்க வச்சோம். தட்டோட ஒட்டியிருந்த அடி வேர முதல்ல வெட்டினோம், பெருவிரல் தடிமன். ஹேக்ஸா பிளேட குச்சில கட்டி வாய் ஓரமா இறக்கினா முதல் 3 இன்ச் கேக் வெட்டற மாதிரி போச்சு, அப்புறம்தான் தெரிஞ்சது, வீட்டுக்காரர் ஒரு சுத்து, நான் ஒரு சுத்து, எதிர் ஃப்ளாட் தம்பி ஒரு சுத்து, முக்கா மணி நேரம். பிளேடு ரெண்டு போச்சு. அப்புறம் அடி ஓட்டைல பூரிக்கட்டைய வச்சு தள்ளினோம். ஒன்னும் நடக்கல. மறுபடி அறுத்தோம். மறுபடி தள்ளினோம். அசையல. மாமியார் சோபால உக்காந்து பார்த்துட்டே இருந்தவங்க "தண்ணி விடுங்கடா ஓரத்துல"ன்னாங்க. ரெண்டு சொம்பு அறுத்த சந்துல விட்டுட்டு தள்ளினா சளக்னு ஒரு சத்தம், மொத்தமா வழுக்கிட்டு வந்துடுச்சு, ஏந்தி நின்ன தம்பி மல்லாந்துட்டான்.

இப்போ முக்கியமான விஷயம். மண்வெட்டி மாமா, உள்ள ஏதோ தடுக்குதுன்னு சொன்னீங்களே. மண்ண உதிர்த்துட்டே போனா தண்டுக்கு கீழ கருப்பா ஏதோ தெரியுது. இழுத்தா வரல. கத்திரிக்கோலால வெட்டி பிரிச்சா, நர்சரி கவர்!! 2016ல வாங்கின அதே கருப்பு கவர்!! அடிய மட்டும் கிழிச்சுட்டு அப்படியே தொட்டிக்குள்ள இறக்கியிருக்காரு எங்க வீட்டுக்காரர். வேர் எல்லாம் அடி கிழிசல் வழியா வெளிய வந்து, வளைஞ்சு வளைஞ்சு வயித்துப் பக்கம் சுத்தியிருக்கு, கவருக்குள்ள இருந்த மண்ணு எட்டு வருஷமா அப்படியே செங்கல்லா இறுகி கிடக்கு. ஊத்தின தண்ணி அதுக்குள்ள போகவே இல்ல, ஓரமா இறங்கியிருக்கு. கவர் இறுக்கின எடத்துல வேர்ல இடுப்பு மாதிரி ஒரு பள்ளமே விழுந்திருக்கு. "நீங்கதானே வச்சீங்க"ன்னு கேட்டா, "கவரோட வைக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே"ங்கறார். இத்தனைக்கும் சுத்தியல்னு சொன்ன மனுஷன்.

செங்கல் மண்ண தண்ணில ஊற வச்சு குச்சியால மெதுவா நோண்டி உதிர்த்தோம். சுத்திக்கிட்டு இருந்த வேர்ல பெரிசா மூணு மட்டும் வெட்டிட்டு மிச்சத்த விரிச்சு விட்டோம். பழைய மண் லெவலுக்கே நட்டாச்சு, மேல ரெண்டு விரக்கடை காலி விட்டாச்சு, ஒரு ஓட்டாஞ்சில்லு, ஜல்லி இல்ல. ஆடாம இருக்க மூணு பக்கம் கயிறு கட்டி ஜன்னல் கம்பியில முடிச்சு போட்டிருக்கு. நேர் வெயில் படாத வெளிச்சத்துல வச்சிருக்கோம். இதுவரைக்கும் ரெண்டு இலைதான் தொங்குது.

---

மண்வெட்டி_மாமா | ஆகஸ்ட் 16

நான் கல்லு ஏதாவது இருக்கும்னு நினைச்சேன், கவர்னு நினைக்கல. உங்க வீட்டுக்காரர திட்டாதீங்கம்மா, அடிய கிழிச்சா போதும், வேர் தானா வெளிய வரும்னு சொல்லி விக்கறவங்களே உண்டு. இனிமே எந்தச் செடி வாங்கினாலும் கவர முழுசா உரிச்சு, வெளிப்புறம் சுத்தியிருக்கற வேர விரலால கலைச்சுவிட்டு நடுங்க.

இலை இன்னும் விழும். பத்து விழுந்தாலும் தண்ணிய கூட்டாதீங்க, எல்லாரும் கெடுக்கறது அங்கதான். வேர் பாதி போச்சு, அது குடிக்கறதும் பாதிதான். ரெண்டு இன்ச் ஆழம் விரல விட்டு, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க.

---

மதுரக்காரி | ஆகஸ்ட் 17

பூரிக்கட்டை 😂😂 அக்கா அந்த பழைய தொட்டி என்ன ஆச்சு? அத சொல்லவே இல்ல?

---

பெரம்பூர்_மாடிவாசி | செப்டம்பர் 14

சாரி, காலாண்டு பரிட்சை நேரம், இந்தப் பக்கமே வர முடியல.

மொத்தம் 9 இலை விழுந்துச்சு. 10வதுக்காக தினமும் காலைல போய் பார்த்துட்டு இருந்தேன், விழல. போன வாரம் வெட்டின எடத்துக்கு கீழ ரெண்டு பக்கமும் சிவப்பா கூர் கூரா மொட்டு வந்திருக்கு, ஒன்னு உறைய கழட்டிட்டு இலையா விரிஞ்சும் போச்சு, பழைய சைஸுக்கு வரும் போல இருக்கு. பதியச் செடியும் நிமிந்து நிக்குது, அத எதிர் ஃப்ளாட் தம்பிக்கு குடுக்கறதா பேச்சு, மல்லாந்து விழுந்ததுக்கு நஷ்டஈடு.

பழைய தொட்டி பத்திரமா இருக்கு. உள்ள ஒட்டியிருந்த வேர பிச்சு எடுக்க ஒரு வாரம் ஆச்சு, மாமியார் தினமும் சாயங்காலம் டிவி பார்த்துக்கிட்டே தோசைத் திருப்பிய வச்சு சுரண்டினாங்க, யாரையும் தொட விடல. இப்போ அதுக்குள்ள நேரா நடாம, 9 இன்ச் பிளாஸ்டிக் தொட்டியில மணி பிளான்ட் வச்சு அத உள்ள இறக்கி வச்சிருக்கோம், வேணும்னா காதப் பிடிச்சு தூக்கிடலாம். அடியில செங்கல் வச்சு உயர்த்தியாச்சு.

ஒரே ஒரு பாக்கி, டைல்ஸ்ல அந்தப் பால் கறை, கருப்பா பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு, ஃபினாயில் போட்டும் போகல. யாருக்காவது வழி தெரியுமா?

---

மதுரக்காரி | செப்டம்பர் 14

தேங்காய் எண்ணெய் தடவி பத்து நிமிஷம் விட்டுட்டு பழைய துணியால உருட்டி உருட்டி தேய்ங்க, ரப்பர் மாதிரி சுருண்டு வரும். அப்புறம் பாத்திரம் கழுவற சோப்பு போட்டு துடைச்சிருங்க, எண்ணெய் அப்படியே கிடந்தா யாராச்சும் வழுக்கி விழுவாங்க. சுடிதாருக்கு மட்டும் எந்த வழியும் இல்லக்கா, நான் எல்லாம் பார்த்துட்டேன்.